செல்வி மாற்றிச் சொன்னது

ஐப்பசி, ஞாயிறு இரவு.

துருக்கியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் எங்கள் மகள் செல்வி சாயங்காலம் வீடியோ காலில் வந்தாள். பக்கத்தில் அவள் மாமியார். அந்தச் சம்பந்தியம்மாள் எங்களைப் பார்த்துக் கவலையாக ஏதோ சொன்னார்.

"ஏட்டி, என்ன சொல்லுதாக?" என்றேன்.

"சங்கரன்கோயில்ல மழை உண்டான்னு கேக்காகப்பா."

அது பொய். யாருக்கும் தெரியாமல் சில மாதமாகப் போனில் துருக்கி மொழி படிக்கிறேன். தமிழைப் போலவே அதிலும் வினை கடைசியில்தான் வரும். காலம், ஆள், இல்லை என்பது எல்லாமே அதன் வாலில் ஒட்டிக்கொள்ளும். அதனால் வாக்கியம் முடியும்வரை காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். முடிவில் 'யெமியோர்' என்றார். சாப்பிடுவதில்லை. உடனே செல்வி பதறிப்போய் 'ஸோய்லெமெயின்' என்றாள். சொல்லாதீர்கள்.

என் மனைவி சிரித்துக்கொண்டே, "ஒரு பொட்டு மழை இல்லன்னு சொல்லுட்டி" என்றாள். நானும் தலையாட்டினேன்.

செல்வி ஏன் சாப்பிடுவதில்லை? மாப்பிள்ளை ஏன் முகம் காட்டவில்லை? படுத்தால் இதுவே ஓடுகிறது.

'சாப்பிட்டாயா' என்று துருக்கி மொழியிலேயே போனில் அடித்து வைத்திருக்கிறேன். அனுப்பினால் எனக்குப் புரியும் என்று தெரிந்துவிடும். அதன் பிறகு சம்பந்தியம்மாளை என் கண்ணிலேயே காட்டமாட்டாள்.