தண்ணீர் மெஷின் போன இடம்

சந்தனமேரிபுரம், 12.2.2024

ஏளா இந்து,

சுகமா? போனில் பேசினால் "கிளாஸ் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உன் இன்ஜினியரிங் மாணவர்கள் மாதா கோயில் பக்கம் வைத்த சோலார் மெஷின் நன்றாக ஓடுகிறது. உப்புக் கரித்த எங்கள் கிணற்றுத் தண்ணீரை இப்போது குடிக்க முடிகிறது. துறைமுகச் சாலையைத் தாண்டிக் குடம் சுமக்கும் பாடு தீர்ந்தது. உன் மாணவன் விஜயராஜ் வாராவாரம் வந்து பேனலைத் துடைத்துவிட்டுப் போகிறான். பெண்களெல்லாம் அவனைத் 'தண்ணித் தம்பி' என்கிறார்கள். 'படிச்ச படிப்பு ஊருக்கு உதவணும்' என்று அவர்களுக்குப் பாடம் நடத்திய நீதான் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை.

பிரியமுடன்,
கிளாடிஸ்

தூத்துக்குடி, 4.3.2024

அன்புள்ள கிளாடிஸ்,

கோபிக்காதே. கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. மாணவர்களின் பசுமை எரிசக்தித் திட்டம் என்று காட்ட மெஷினைக் கொண்டுவரச் சொல்கிறார் எங்கள் கல்லூரி முதல்வர். இந்த வாரம் வேன் வரும். குழு போனதும் திருப்பி வைத்துவிடுவோம். என்னை நம்பு.

உன் இந்துமதி

சந்தனமேரிபுரம், 22.4.2024

இந்து,

ஈஸ்டரும் முடிந்தது, கொண்டுபோன மெஷின் திரும்பி வரவில்லை. நீ போனை எடுப்பதில்லை. நேற்று பக்கத்து வீட்டுக் கிருபை குடத்தோடு சாலையைத் தாண்டும்போது கன்டெய்னர் லாரி இடித்துவிட்டது. இடது காலை எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும், "மெஷினு எப்பக்கா வரும்?" என்று கேட்டாள். என்ன சொல்லட்டும்?

கிளாடிஸ்

தூத்துக்குடி, 29.4.2024

அன்புள்ள கிளாடிஸ்,

கிருபையை நினைத்து அழுதேன். மெஷினைக் கல்லூரி வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். முதல்வரிடம் கேட்டேன். "அது காலேஜ் சொத்து" என்றார். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, உனக்கே தெரியும். விஜயராஜ் வகுப்பிலேயே எழுந்து, "ஊருக்குத் தண்ணி குடுக்கத்தான செஞ்சோம் மேடம், இங்கன நின்னு யாருக்குக் குடுக்குது?" என்றான். உட்காரச் சொல்லிவிட்டேன். கொஞ்சம் பொறு.

இந்துமதி

சந்தனமேரிபுரம், 15.5.2024

இந்து,

சனிக்கிழமை விஜயராஜும் கூட்டாளிகளும் மினி லாரியில் மெஷினைக் கொண்டுவந்து மாட்டினார்கள். தண்ணீர் வந்தது. மறுநாள் பூசை முடிந்து வெளியே வந்தால் போலீஸ். மெஷின் திருட்டு என்று விஜயராஜை ஜீப்பில் ஏற்றினார்கள். "புகார் குடுத்ததே இவன் மேடம்தான்" என்று எஸ்.ஐ. என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். அவன் காதில் விழவில்லை.

திங்கட்கிழமை ஊரே ஸ்டேஷனுக்குப் போனோம். வாசலில் ஆட்டோ நின்றபோதெல்லாம் அவன் எழுந்து பார்த்தான். "மேடத்துக்குத் தெரிஞ்சா ஓடி வந்துருவாவ அக்கா" என்றான். நீ வரவில்லை. ஃபாதர் பேசி அவனை அழைத்துவந்தார். மெஷினை நாங்கள் விடவில்லை. ஆனால் ஒரு வருஷம் அவனைக் கல்லூரிக்குள் சேர்க்க மாட்டார்களாம்.

புகார் கொடுத்தது யார் என்று கேட்டான். தெரியாது என்று சொல்லிவிட்டேன். உனக்காக இல்லை. நீ நடத்திய அந்தப் பாடத்தை அவன் இன்னும் நம்புகிறான்.

இனி எனக்கு எழுதாதே.

கிளாடிஸ்