மணற்கடிகாரமும் மாடி வீடும்

மே 7, புதன்

கத்திரி வெயில். காலை எட்டு மணிக்கே முதுகு எரிகிறது. கோர்ட் லீவு, வக்கீல் ஆபீஸ் மதியம் வரைதான். டைப் அடிக்க இரண்டே நோட்டீஸ். வரும் வழியில் கீரை, அரை கிலோ கத்திரிக்காய். இரண்டு சொத்தை. கடைக்காரி சிரித்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வீட்டு ஓனர் வந்து மாடிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். பிரெஞ்சு பென்ஷன்காரர், தெருவே அவரை முசே என்றுதான் கூப்பிடும். மாடி காலியாகி ஒரு மாதம். யாராவது வந்தால் திறந்து காட்டணுமாம். தண்ணீர் நாள் முழுக்க வரும் என்பதை மறக்காமல் சொல்லணுமாம்.

5.30க்கு மதுவோடு கார்ட்டூன். தமிழில் டப்பிங் செய்தது, உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். மிலா என்று ஒரு இளவரசி. தோளில் பேசும் ஓணான். அம்மா ராணி காய்ச்சலில் செத்துப்போய், காட்டிலிருக்கும் சூனியக்காரி எடுத்து வளர்க்கிறாள். இன்று மிலா கையில் ஒரு மணற்கடிகாரம் கிடைத்தது. கவிழ்த்தால் பழைய நாளுக்குப் போகலாம், அம்மாவைக் காப்பாற்றலாம். ஆனால் காப்பாற்றிவிட்டால் சூனியக்காரியைச் சந்தித்ததே இல்லை என்று ஆகிவிடும். கடைசிப் பகுதி வெள்ளிக்கிழமை.

இதில் நான் யார் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம். மதுவின் அம்மா ராஜி காய்ச்சலில் போய் நாலு வருஷம். நான் இரண்டாந்தாரமாக இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம். மதுவுக்கு ஒன்பது வயது. கண் கொட்டாமல் பார்த்தாள். ஒரே ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்தாள். ஏன்?

மே 9, வெள்ளி

புழுக்கம். வாழைக்காய் பஜ்ஜி. 5.30க்கு இரண்டு பேரும் டிவி முன்னால்.

மிலா கடிகாரத்தைக் கையில் எடுத்தாள். கரண்ட் போச்சு.

மது எழுந்து ஒரே ஓட்டம், பக்கத்து வீட்டு ஷமீமாவிடம். அவர்கள் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. நான் போகவில்லை. முப்பத்திரண்டு வயதில் கார்ட்டூன் பார்க்க ஓடுவதா? கால் மணி நேரம் கழித்து வந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆவல சித்தி."

ஒன்றும் ஆகாததற்கு எதற்கு அப்படி ஒரு முகம்? பஜ்ஜியைக்கூடத் தொடவில்லை. ஷமீமாவைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவளுக்குப் பத்து வயது, அதற்குள் என்ன அழுத்தம். மதுவையே கேளுங்க என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். சாட்சியைக் கலைத்தாயிற்று.

ராணி பிழைத்துவிட்டாள் போல. அதைத்தான் என்னிடம் மறைக்கிறார்கள். அவர் மில்லிலிருந்து வந்ததும் சொன்னேன். கார்ட்டூனுக்குப் போய் இப்படியா என்று சிரித்தார். இவருக்கு எது புரிந்தது, இது புரிய.

மே 10, சனி

துணி ஊற வைத்தது. கேஸ் புக் செய்தது. பால்காரரிடம் ஒரு சண்டை (தண்ணீர்).

மது பீரோவிலிருந்து எங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு தேதியை நோட்டில் எழுதுகிறாள். எதற்கு என்றால் சும்மா என்கிறாள். அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து,

"கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க எந்த வீட்ல இருந்தீங்க சித்தி? அட்ரஸ் சொல்லுங்க."

சொன்னேன். விழுப்புரம், அம்மா வீடு, கதவு எண், தெரு. பின்கோடு வரை கேட்டு எழுதிக்கொண்டாள். ஒரு ஆளைத் திருப்பி அனுப்புவதென்றால்தான் இத்தனை சரியாக விலாசம் கேட்பார்கள். ஆபீஸில் எத்தனை நோட்டீஸ் அடித்திருக்கிறேன்.

இது குழந்தைக்குத் தானாக வந்த புத்தி இல்லை. ராஜியின் அக்கா செல்வி கோரிமேட்டில் இருக்கிறாள், அவளுக்கு போன் போட்டேன். சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். பிடித்துவிட்டாள்.

"நான் ஏம்மா அதுக்கு சொல்லித்தரப் போறேன்? உங்க வீட்லேந்து பெரியாஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸு, எத்தினி நேரம் ஆவும்னு கேட்டுச்சு. சொன்னேன். அவ்ளோதான்."

பஸ், தேதி, விலாசம். எல்லாம் ஒரு கேஸ் கட்டாகச் சேர்கிறது.

இங்கே எழுதினால் என்ன, யார் படிக்கப் போகிறார்கள். பயமாக இருக்கிறது. நான் வந்த புதிதில் நாற்பது நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள் மது. தினமும் பின்னல் போடும்போது அவள் பின்னந்தலையோடு நான்தான் பேசிக்கொண்டிருப்பேன். நாற்பத்தோராம் நாள், இறுக்கிப் போடாதீங்க என்றாள். அன்று பாத்ரூமில் போய் அழுதேன். அவள் அந்தக் கடிகாரத்தைக் கவிழ்த்தால் அதெல்லாம் நடக்கவே இல்லை என்றுதானே அர்த்தம்? பெற்றவள் பிழைக்கட்டும் என்று நினைப்பதைத் தப்பென்று சொல்லவும் முடியாது. ராஜியின் மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் நான் எங்கே போவேன்?

மே 11, ஞாயிறு

காலை பத்துக்கு மறு ஒளிபரப்பு. கரண்ட் இருந்தது. ஈரக் கையோடு வந்து உட்கார்ந்துவிட்டேன். மது என்னைப் பார்த்தாள்.

மிலா கடிகாரத்தை எடுத்தாள். காட்டில் சூனியக்காரி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். மிலா கவிழ்த்தாள். முதல் மணல் விழுந்தது. எழுத்து ஓட ஆரம்பித்துவிட்டது. மீதி அடுத்த சீசனாம்!

கோர்ட்டில்கூட வாய்தா போட்டால் தேதி சொல்வார்கள்.

அப்படியானால் உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லை. அவள் பொய் சொல்லவில்லை. மூன்று நாளாக நான்தான் கேஸ் ஜோடித்திருக்கிறேன். ஆனாலும் விடவில்லை. அந்த நோட்டில் என்ன என்று கேட்டேன். முடிவு வரலையே, அதனால நானே யோசிச்சேன் என்று சொல்லி எடுத்து வந்து கொடுத்தாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம். அப்படியே எழுதி வைக்கிறேன்:

1. அம்மாவுக்கு காச்சல் வந்த அன்னிக்கே பஸ் ஏறி பெரியாஸ்பத்திரி போவணும். மூணு நாள் பாக்க கூடாது.

2. சித்திய விழுப்புரத்துலேந்து கூட்டிட்டு வரணும்.

3. சித்தி மாடி வீட்ல இருக்கணும். முசே கிட்ட முன்னாடியே சொல்லணும். வேற யாருக்கும் விட கூடாது.

4. சித்திக்கு என்னைய தெரியாது. அதனால நான்தான் மொதல்ல பேசணும்.

படித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். ரசம் பொங்கி வழிந்திருந்தது. துடைத்தேன். இன்னொரு தரமும் துடைத்தேன்.

மதியம் மூன்று மணி. மாடியைப் பார்க்கப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் வந்தார்கள். நல்ல மாதிரியாகத்தான் இருந்தார்கள். மாடிக்குத் தண்ணீரே ஏறாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.