நல்லா இருக்குதுங்க டாக்டர்

சேசு மரி சூசை

மிஷன் ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு
14-8-1973

என் மேல் பிரியம் குறையாத மாமாவுக்கு, உங்கள் மனைவி பாக்கியமேரி வணக்கத்தோடு எழுதுவது. மாதாவின் தயவால் நான் எழுந்து உட்கார்ந்து என் கையாலேயே இதை எழுதுகிறேன். இந்தக் கடிதம் தங்கவயலுக்கு வந்து சேருவதற்குள் நீங்கள் சுரங்கத்தில் லீவு கேட்டிருப்பீர்கள். அதனால் முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டாவது ஆபரேஷன் இல்லை. வேண்டாம் என்று சொன்னது நான்தான். உங்களைக் கேட்காமல் சொன்னேன். கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள். அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படலாம்.

வீட்டில் எல்லாரும் சுகம். உங்கள் தங்கை மதலேனம்மாள் போன ஞாயிறு மொரப்பூரில் ரயிலேறி வந்து பார்த்துவிட்டுப் போனாள். கடலைக்காட்டில் ஒரு களை எடுத்தாயிற்றாம். மழைதான் போதவில்லையாம். செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. நான் இல்லாவிட்டால் மாடுகூட ஒழுங்காக நடக்கிறது பார் என்றேன். அதற்கு அவள், "நீங்க வந்து கத்துனாத்தான் அண்ணி வூடு வூடாத் தெரியும்" என்றாள். புண்ணியவதி. அவள் நம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் நான் இங்கே வந்து படுத்திருக்க முடியுமா.

இனி என் இடுப்புக் கதைக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் கிணற்றுப் படியில் விழுந்து தொடை மூட்டு முறிந்தபோது, கட்டிலோடு என்னைத் தூக்கி ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தீர்கள். இவள் இனி நடந்த மாதிரிதான் என்று ஊரே பேசிற்று. இந்த ஆஸ்பத்திரி டாக்டர்தான் உள்ளே ஆணி வைத்து என்னை நிற்க வைத்தார். அன்றிலிருந்து ஜெபமாலை சொல்லி முடித்ததும் அவருக்காக ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லாமல் நான் படுத்ததில்லை. ஆனால் எலும்பு ஒட்டியும் வலி போகவில்லை. உட்கார்ந்தால் ஒரு மாதிரி, எழுந்தால் ஒரு மாதிரி. இன்னொரு தரம் அறுத்துப் பார்த்துவிடலாம் என்று நீங்கள்தான் எழுதி எழுதி என்னை இங்கே அனுப்பினீர்கள்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு நன்றாக ஒட்டியிருக்கிறது, ஆணியும் அசையவில்லை, ஆனாலும் மூட்டு தேய்ந்து அதனால் வலி வரலாம் என்றார். அதைத் தெரிந்துகொள்ள, மூட்டுக்குள் மரத்துப்போகிற மருந்தை ஊசியில் ஏற்றுவார்களாம். கொஞ்ச நேரமாவது வலி நின்றால் அது மூட்டிலிருந்து வருகிற வலி. அப்போது மறுபடி திறந்து, உள்ளே இருக்கும் எலும்பு உருண்டையை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைக்கலாம். நிற்காவிட்டால் வலிக்குக் காரணம் வேறு, திறப்பதில் பிரயோஜனம் இல்லை.

பத்து நாளைக்கு முன் ஊசி போட்டார்கள். பிறகு நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். மாமா, வலி இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. வார்டுக் கோடி வரை போய்த் திரும்பினால் டாக்டர் நிற்கிறார். வயசான மனுஷர், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். எனக்குக் காலைக் கொடுத்தவரிடம் உங்கள் ஊசி பலிக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்? "நல்லா இருக்குதுங்க டாக்டர், வலியே தெரியலீங்க" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வருகிற வியாழன் ஆபரேஷன் என்று அங்கேயே முடிவாயிற்று. எனக்கும் ஏதோ நல்ல காரியம் செய்துவிட்ட மாதிரி சந்தோஷமாக இருந்தது. அந்தப் பேச்சை நம்பி என் இடுப்பை அறுக்கப் போகிறார்கள் என்பது, சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

பக்கத்துக் கட்டிலில் ராமக்கா என்று ஒருத்தி, முழங்கால் வைத்தியத்துக்காகச் சித்தேரி மலையிலிருந்து வந்திருக்கிறாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்து, "ஏம்மா, வலி போச்சுன்னு டாக்டருகிட்ட சொன்ன, அப்புறம் எதுக்குச் செவுத்தப் புடிச்சிக்கினு போற?" என்றாள். உள்ளதைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த மனுசருக்கு நல்லது செய்யணும்னா மலைத்தேன் ஒரு குடுவை குடு. ஒன் இடுப்ப ஏன் குடுக்கற?" என்றாள்.

அன்று சாயங்காலமே தெரசா சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்லும்போதுகூட எனக்கு நாக்கு அப்படிக் குழறியதில்லை. இன்னொன்றையும் சொன்னேன். எனக்கு வலி அடிவயிற்றுக்கும் கீழே, இரண்டு தொடையும் சேருகிற இடத்தில். ஆண்பிள்ளை டாக்டருக்கு எப்படிக் காட்டுவது என்று கூச்சப்பட்டு, இத்தனை நாளும் பக்கவாட்டில் இடுப்பைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. போய் டாக்டரை அழைத்து வந்தார்.

திட்டப் போகிறார் என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நீ சொல்றதை நம்பித்தானம்மா நான் கத்தியை எடுக்கறேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு சிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து சோதித்துப் பார்த்தார். முறிந்த கால் ஒட்டும்போது கொஞ்சம் குட்டையாகிவிட்டதாம். அதனால் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து, அடியிலுள்ள தசைகளெல்லாம் இழுபட்டு இறுகிக் கிடக்கின்றனவாம். நல்ல மூட்டைத் திறந்தால் வலி கூடினாலும் கூடும், ஆனாலும் நீங்கள் இருவரும் கேட்டால் செய்கிறேன், வீட்டுக்காரருக்கு எழுதிக் கேள் என்றார். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்டால் என் மேலுள்ள ஆசையில் செய்துகொள் என்றுதான் எழுதுவீர்கள், எனக்குத் தெரியாதா.

இப்போது ஒரு செருப்புக்கு மட்டும் அடியை உயர்த்தித் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். சிஸ்டர் தினமும் என் காலை நீட்டி மடக்கப் பழக்குகிறார், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறார். வலி முழுக்கப் போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. பொறுமையாக இருந்தால் குறையும் என்கிறார்கள். இப்போதே தூக்கத்தில் புரண்டு படுக்க முடிகிறது. அதற்கே நாளை மாதா திருநாள் பூசையில் நன்றி சொல்லப் போகிறேன்.

நீங்கள் ஆசைப்பட்டது இது இல்லை. பழையபடி குடத்தோடு கிணற்றில் ஏறி இறங்குகிற பாக்கியமேரி உங்களுக்குக் கிடைக்க மாட்டாள். ஆனால் நீங்கள் விடாமல் எழுதியதால்தான் வந்தேன், வந்ததால்தான் வலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. அந்தப் பிடிவாதத்துக்கு நான் உங்களைக் கும்பிட வேண்டும்.

இவ்வளவு எழுதியபின் மனசில் ஒன்று கிடந்து அறுக்கிறது. உங்கள் கடிதம் எதை எடுத்தாலும், நான் சுகமாக இருக்கிறேன், எனக்கு ஒரு குறையும் இல்லை என்று இருக்கிறது. சித்திரையில் பாஸ்குத் திருநாளுக்கு வந்தபோது கொல்லைப் பக்கம் போய்ப் போய் இருமினீர்கள். உங்கள் துண்டை நீங்களே துவைத்தீர்கள். என்ன கறை என்று கேட்டேன். வெற்றிலைக் கறை என்றீர்கள். நீங்கள் வெற்றிலை போடுவதில்லை, மாமா. எனக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சொல்லியிருப்பீர்கள். நானும் டாக்டருக்கு அப்படித்தான் சொன்னேன்.

ஆபரேஷன் இல்லை என்று லீவை விட்டுவிடாதீர்கள். வாருங்கள். இங்கே நெஞ்சு பார்க்கிற டாக்டரும் இருக்கிறார். எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கும்போது நான் உங்கள் பக்கத்தில் நிற்பேன். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மாதா உங்கள் மூச்சை எனக்காகவும் பிள்ளைகளுக்காகவும் காப்பாற்றுவாளாக.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
பாக்கியமேரி