இரண்டரை மணிக் குரல்

ஆகஸ்ட் 2, திங்கள்

புழுக்கம். வானம் மூடியே கிடக்கிறது, ஒரு சொட்டு இல்லை. மோட்டார் மறுபடி மக்கர். மாடித் தொட்டி காலி.

வேலை: டிவியில் வருவதைக் கம்ப்யூட்டரில் பதிய ஒரு டிவி ட்யூனர் கார்டு. இந்த வாரமே.

காரணத்தை எழுதி வைக்கிறேன். போன வாரம் தபாலாபீஸ் போய்விட்டுத் திரும்பி வருகிறேன். மதியம் இரண்டரை இருக்கும். தெருவில் ஆளில்லை. எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. ஒரு வீட்டுக்குள்ளிருந்து ம. பேசுகிறாள். "நில்லு. யாரைக் கேட்டு உள்ளே வந்தே?"

நின்றுவிட்டேன். அடுத்த வீட்டிலும் அவளே. எதிர் வீட்டு மாடியிலும். நடக்க நடக்க, வீட்டுக்கு வீடு கூடவே வருகிறாள். எங்கள் வாசல் வந்ததும் உள்ளே மட்டும் இல்லை. மருமகள் ரேவதி வேறு சேனல் வைத்திருந்தாள்.

என் மனைவி ம. போய் இரண்டு வருடம். முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை, ம. என்றே இருக்கட்டும். வடபழனியில் டப்பிங் பேசப் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண், நர்ஸ், கூட்டத்தில் ஒருத்தி, இப்படி. ஒரே ஒரு பெரிய வேஷம் கிடைத்தது: இந்தித் தொடர் ஒன்றில் பெரிய வீட்டு மாமியாருக்குத் தமிழ்க் குரல். அதைத்தான் இப்போது மதியத்தில் மறுபடி போடுகிறார்கள். கடைசியில் ஓடும் எழுத்தில் எல்லார் பெயரும் வருகிறது, டீ கொடுத்தவர் வரை. அவள் பெயர் இல்லை. அப்போதே சேனலுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டேன். மனிதர்களாக இருந்தால் பதில் எழுதியிருப்பார்கள்.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

இன்றும் மழை ஏமாற்றம். பால் திரிந்துவிட்டது.

இரண்டரைக்கு ரேவதியிடம் சேனலை மாற்றச் சொன்னேன். முகம் சுண்டியது, மாற்றினாள். ம. போய், பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே கட்டிலைப் பிரித்து மாடிக்கு ஏற்றியவள் இவள். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்க்கவில்லை. ஒரு சேனலுக்கா முகம் சுண்டாது.

திரையில் பட்டுப் புடவை, கழுத்து நிறைய நகை, வெள்ளைத்தோல் அம்மாள். யாரோ ஒருத்தி. வாயைத் திறந்தால் ம.வின் குரல். வாக்கியம் தொடங்கும் முன் மெல்ல ஒரு மூச்சு இழுப்பாள் ம., அது கூட இருக்கிறது. அந்த அம்மாள் தன் மருமகளைத் திட்டத் திட்ட, ம. ஒருநாளும் இப்படித் திட்டியதில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டால்தான் பார்க்க முடிகிறது.

ஒரு சங்கடம். தொடரின் நடுவில் அவளுக்கு முடியாமல் போனது. மீதியை வேறு யாரோ பேசினார்கள். எந்த இடத்தில் குரல் மாறியது என்று எனக்குத் தெரியாது. முதல் முறை அந்தப் பகுதி ஓடியபோது நான் ஆஸ்பத்திரி வராந்தாவில். நாளைக்கே மாறலாம். அடுத்த மாதமும் மாறலாம். அதற்குள் பிடித்தாக வேண்டும்.

மகன் குமார் ஆபீஸிலிருந்து வந்ததும் சொன்னேன்.

"டேப் ரிக்கார்டரை டிவி முன்னாடி வச்சு அமுக்கினா ஆச்சுப்பா. இதுக்கு எதுக்கு கார்டு?"

"நம்ம வீட்டு குக்கர் விசிலும் சேர்ந்து பதியும்."

"பதிஞ்சா பதியட்டுமே."

எழுந்து வந்துவிட்டேன். ஸ்பீக்கர் வயரிலிருந்து ஒலியை எடுத்துப் பார்த்தாயிற்று, ஒரே ஹம். வி.சி.ஆர். ஹெட் தேய்ந்து கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிறது. தவிர, டேப் ஓட ஓடத் தேயும். நான் தினமும் போடுவேன். அவள் தேயக்கூடாது. கம்ப்யூட்டரில் ஏறினால் ஏறியது ஏறியதுதான்.

வீட்டில் அவள் குரல் வேறு எங்குமில்லை. குமார் கல்யாண கேசட்டில் வாய் ஓயாமல் பேசுகிறாள், வீடியோக்காரன் முழுக்க சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிட்டான்.

ஆகஸ்ட் 5, வியாழன்

ரிச்சி தெரு, எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு. மாம்பலத்திலிருந்து ரயில், நின்றுகொண்டே. வெயில் மண்டையைப் பிளந்தது.

எனக்கு வேண்டியது:
– பால் (PAL) முறை, நம்மூர் டிவி ஒளிபரப்பு அதில்தான்
– ஒலி நேராக சவுண்டு கார்டுக்குப் போக வேண்டும்
– படம் தீப்பெட்டி அளவு போதும்
– ரிமோட், எஃப்.எம். ரேடியோ, மற்ற பகட்டு வேண்டாம்

கடைக்கார பாய் நல்ல மனிதர், வாய் ஓயாது. "இன்னா பெரியவரே, எல்லாரும் படம் க்ளியரா வருமான்னு கேக்குறாங்க, நீ படமே வேணாங்கற. அப்ப ரேடியோ வாங்கிக்கினு போ!"

"இந்த கார்டில் ஒலிக்கு என்ன சிப்?"

"ஐயோ, என்ன ஆள வுடு. ஒண்ணு தைவான் கார்டு கீது, நீ கேக்குறது எல்லாம் கீது. ஆனா கையில ஸ்டாக் இல்ல. திங்கக்கெயம வா, எடுத்து வெக்கிறேன்."

வீட்டுக்கு வந்தால் வேறு செய்தி. ரேவதியின் தம்பி சீனு சனிக்கிழமை நியூஜெர்சியிலிருந்து வருகிறானாம். அங்கே ஒய்-டூ-கே வேலை, அடுத்த வருடம் 2000 பிறப்பதற்குள் கம்ப்யூட்டர்களைச் சரி செய்வது. குமார் போன் போட்டு, கார்டு ஒன்று வாங்கி வரச் சொல்லியாகிவிட்டது. என்னைக் கேட்காமல். "பால் முறைதானா என்று கேட்டாயா?" என்றேன். "அவனுக்குத் தெரியாததாப்பா?" என்றான். மறுபடி போன் போட்டுச் சொல்லச் சொன்னேன். சொன்னானோ இல்லையோ.

இன்றும் குரல் இருந்தது. ஒரு வரியில் லேசாக இருமலை விழுங்கியிருக்கிறாள். வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

ஆகஸ்ட் 7, சனி

சீனு வந்தான். சாக்லேட், சோப்பு, ஒரு டார்ச் லைட். பளபளவென்று பெட்டியில் கார்டு.

"மாமா, அமெரிக்கால இதுதான் டாப். நம்பர் ஒன்."

பெட்டியின் பின்பக்கம் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அமெரிக்க முறை. சொன்னேன்.

"டிஜிட்டல் மாமா. எல்லாம் ஒண்ணுதான்."

மாட்டினான். நான் கை வைக்கவில்லை. கேபிளை டிவியிலிருந்து பிடுங்கிக் கம்ப்யூட்டரில் செருகினான். படம் மேலும் கீழும் உருண்டது, நின்றது. கறுப்பு வெள்ளை. ரேவதி கை தட்டினாள். குமாரும். பக்கத்துப் போர்ஷன்காரர்கூட எட்டிப் பார்த்து, "அட, சினிமா கொட்டாயே வந்துடுச்சே" என்றார்.

ஒலி எங்கே என்றேன். அலை இரைச்சல் மாதிரி ஒன்றைத் தவிர எதுவுமில்லை.

"மெனுல எங்கயாவது செட்டிங் இருக்கும் மாமா."

இருக்காது. அவர்கள் ஊரில் அலைவரிசையில் படத்துக்கும் ஒலிக்கும் உள்ள தூரம் வேறு, நம்மூரில் வேறு. நம்மூர் ஒலி அந்தக் கார்டின் காதுக்கு எட்டவே எட்டாது. ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் சொன்னால் யார் கேட்கிறார்கள். ரேடியோ ரிப்பேரைப் புத்தகம் பார்த்தே கற்றவன் நான். இந்தக் கம்ப்யூட்டரையும் பாகம் பாகமாக வாங்கி நானே கோத்தேன்.

"படம் வருதேப்பா, அதுவே பெரிசு இல்லியா?" என்றான் குமார்.

ஆகஸ்ட் 9, திங்கள்

காலையில் தூறல். துணி நனைந்தது.

இரண்டரை வரை சீனு தன் வீட்டிலிருந்து போனில் அந்த செட்டிங், இந்த செட்டிங் என்று சொல்லிக்கொண்டிருந்தான். கேபிள் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. தொடர் தொடங்கிவிட்டது. அந்த அம்மாள் வந்தாள். கறுப்பு வெள்ளையில், சத்தமில்லாமல், என்னைப் பார்த்து வாயசைக்கிறாள். பக்கத்துப் போர்ஷன் ஜன்னல் வழியாக அதே நேரம் ம.வின் குரல். "இன்னும் எத்தனை நாள் இப்படிக் காத்திருக்கணும்?"

வாய் இங்கே. குரல் சுவருக்கு அந்தப் பக்கம். எழுந்து ஜன்னலருகே போனால் வாயைக் காணோம், திரைக்கு வந்தால் குரல் சின்னதாகிவிடுகிறது. நடுக்கூடத்தில் நின்றேன்.

அமெரிக்கக் கார்டைப் பிடுங்கி அதன் பெட்டியிலேயே வைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு ரயிலேறினேன்.

பாய்: "வந்துட்டியா? எடுத்து வச்சிக்கீறேன் பாரு." தைவான் கார்டு. கேபிளைப் பிரித்து டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் அனுப்ப ஒரு சின்ன டப்பியும் வாங்கினேன். இனி ரேவதிக்கும் சங்கடமில்லை, அவள் பாட்டுக்கு அவள் சேனலைப் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 10, செவ்வாய்

காலையிலிருந்து கார்டோடு மல்லுக்கட்டு. மாட்டினால் சவுண்டு கார்டு ஊமையாகிவிடுகிறது. சவுண்டு கார்டைக் கிளப்பினால் ட்யூனர் காணாமல் போகிறது. இரண்டும் ஒரே இடத்துக்குச் சண்டை. சாப்பிடவில்லை.

குமார் ஆபீஸ் போகும்போது டிவி மேல் டேப் ரிக்கார்டரை வைத்து, புது கேசட் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

இரண்டரைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது ரேவதி அதனருகில் வந்து நின்றாள்.

"மாமா, இன்னிக்கு மட்டும் இத அமுக்கட்டுமா?"

"வேண்டாம்."

"கார்டு ரெடியாகலியே..."

"தொடாதே. ஆகிவிடும்."

கையை எடுத்துக்கொண்டாள். டிவியில் ம. பேசினாள். தொடரில் மகன் பம்பாய்க்குக் கிளம்புகிறான். வாசல்படியில் நின்று, "போய்ட்டு வா. கதவ சாத்தாம வச்சிருக்கேன்" என்றாள். நான் ஸ்க்ரூ டிரைவரோடு தரையில். ரேவதி நின்றபடியே முழுக்கக் கேட்டாள். அவள் சேனலுக்கு மாற்றவில்லை.

நாலு மணிக்குக் கார்டை வேறு துளையில் மாட்டிப் பார்த்தேன். உடனே வந்துவிட்டது. படம், ஒலி, எல்லாம். துல்லியம்.

ஆகஸ்ட் 11, புதன்

எல்லாம் தயார். படம் சின்னது, ஒலி முழு அளவு. டிஸ்கில் இடம் காலி செய்து வைத்தேன். மின்சாரம் இருக்கிறது. இரண்டு இருபத்தைந்துக்கே பதிவை ஓட விட்டேன்.

அந்த அம்மாள் மாடிப்படி இறங்கி வந்தாள். அதே புடவை. வாயைத் திறந்தாள்.

வேறு குரல்.

முழுவதும் உட்கார்ந்திருந்தேன். ஒரு வேளை தொண்டை கட்டியிருக்கும் என்றுகூட நினைத்தேன். இல்லை. மூச்சு இழுப்பு இல்லை. வேறு ஆள். நேற்றோடு முடிந்துவிட்டது.

வெளியே வந்து தெருக்கோடி வரை நடந்தேன். வீட்டுக்கு வீடு அந்த வேறு குரல்.

குமார் வந்து கேட்டான். மாறிவிட்டது என்றேன். டேப்பை அமுக்கியிருக்கலாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 12, வியாழன்

குரல் யாருடையது என்று விடிகாலையில் பிடிபட்டது. லூர்து மேரி. ம.வோடு ஒன்றாக டப்பிங் பேசியவள், ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு கொண்டு வந்தவள். சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் வீடு. கேட்டுவிடுவது என்று போனேன்.

"வாங்கண்ணே! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"நீதானே அந்த மாமியாருக்குப் பேசினது?"

"நான்தான். இன்னாத்துக்கு இவ்ளோ கோவமா கேக்குறீங்க?"

"அவள் படுக்கையில் இருக்கும்போதே அவள் வேஷத்தை எடுத்துக்கொண்டாயே."

சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"மரகதமே ஆஸ்பத்திரிலேர்ந்து போன் பண்ணிச்சுண்ணே. 'லூர்து, நீயே பேசிடு, வெளியாளுக்கு வுட்டுடாத'ன்னு. உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. அந்த வராந்தாவில் எந்நேரமும் நான்தான் இருந்தேன். எப்போது எழுந்து போன் செய்தாள்? யார் பிடித்து அழைத்துப் போனார்கள்?

"அது மாதிரியே பேசத்தான் பாத்தேன். வரல. அது மூச்சு வேற."

காப்பி கொடுத்தாள். குடித்துக்கொண்டே கார்டு, பதிவு எல்லாம் சொன்னேன். கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"அண்ணே, அதுக்காகப் பதியறத நிறுத்திடாதீங்க. மரகதம் கும்பல் குரல் நெறைய வச்சிட்டுப் போயிருக்கு. கல்யாண வீடு, சாவு வீடு, சந்தைன்னு மொத்தமா நாலு பேரு மைக்க சுத்தி நின்னு பேசிக் குடுத்துடுவோம். ஸ்டூடியோல அத வச்சிக்கினு எங்க வேணும்னா போட்டுக்குவாங்க. முகத்தப் பாக்காதீங்க. பின்னாடி கேளுங்க."

திரும்பி வரும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. இன்று பதியவில்லை.

ஆகஸ்ட் 13, வெள்ளி

பிற்பகலில் நல்ல மழை. மாம்பலம் ரயில் பாலத்தடியில் முழங்கால் தண்ணீர் என்றார்கள். கேபிள் இரண்டு முறை நடுங்கியது, அறுந்துபோகவில்லை.

பதிவு ஆனது. ஓடும்போது மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து மணிக்கு மழை விட்டதும் போட்டுப் பார்த்தேன். நிச்சயதார்த்த வீடு. கூட்டம். மாமியார் அம்மாள் மயங்கி விழுகிறாள். எல்லாரும் ஓடி வருகிறார்கள், நாலைந்து குரல் ஒன்றாக. பின்னாலிருந்து ஒன்று. அதற்கு முகமே கிடையாது, திரையில் யாரும் வாயசைக்கவில்லை. முதலில் அந்த மூச்சு. அப்புறம்: "ஏம்மா, கொஞ்சம் தண்ணி கொண்டாயேன்."

நிறுத்தினேன். பின்னால் தள்ளினேன். ஒலியை முழுக்க வைத்து மறுபடி போட்டேன்.

"ஏம்மா, கொஞ்சம் தண்ணி கொண்டாயேன்."

சமையலறையிலிருந்து ரேவதி, "இதோ அத்தை."

பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

வந்தாள். கையில் சொம்பு. புறங்கையெல்லாம் சோப்பு நுரை. என்னைப் பார்க்கவில்லை. என்னிடம் நீட்டவும் இல்லை. கம்ப்யூட்டர் பக்கத்தில், மேஜை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள்.

தண்ணீர் அப்படியே இருக்கிறது. நான் எடுக்கவில்லை.