அடையாள அட்டை இல்லாத விசாரணைக்காரர்

இன்ஷூரன்ஸ் தாளைத் தேடி இன்று காலை ஸ்கூட்டரின் சீட்டைத் திறந்தேன். அடியில் உன் நாடகப் பிரதி இருந்தது. பெட்ரோல் வாடை ஏறியிருந்தது. ஓரமெல்லாம் உன் பச்சை மைக் குறிப்புகள்.

முகப்பேரில் நம் குடியிருப்பின் ஆண்டு விழாவுக்காக நீ எழுதியது. காவலாளி ஒருவர் இறந்துபோகிறார். விசாரிக்க ஓர் ஆள் வருகிறார். எந்த அலுவலகம், யார் அனுப்பியது, எதுவும் தெரியாது. கையில் ஒரு காகிதம்கூட இல்லை. வீடு வீடாக ஒரே கேள்விதான் கேட்கிறார்: "அவர் உங்ககிட்ட கடைசியா என்ன சொன்னாரு?" ஒவ்வொருவரும் அதிலேயே உடைந்துபோகிறார்கள்.

எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. ரயில் பெட்டிகளில் மின்கோளாறு தேடுவது என் வேலை. மீட்டர் காட்டாத எதையும் நான் நம்பியதில்லை.

"ஐடி கார்டு இல்லாதவனுக்கு எவன் பதில் சொல்லுவான்? ஒருத்தனாவது 'வெளிய போயா'ன்னு சொல்லணும்ல?" என்றேன்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டே சிரித்தாய். "யோவ் மீட்டரு, பதில் தெரிஞ்சவந்தான் 'நீ யாரு'ன்னு கேப்பான். பேச்ச மாத்தணும்ல?"

"அப்ப அவன் இன்னா, சாமியா? மனசாட்சியா?"

"ரெண்டும் இல்ல. காது குடுத்துக் கேக்குறவன். அந்தக் காலனியில வேற ஒருத்தனும் கேக்கல."

அந்த வாரம்தான் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாய். உன்னை நாற்காலியில் உட்காரவைத்து, கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தேன். சரியாக இருந்தது. நாடித்துடிப்பும் சரி. "எல்லாம் நார்மல்தான்மா" என்றேன். "அப்ப சரி" என்று எழுந்து போனாய்.

ஓடும்போது வரும் கோளாறை, நிற்கும் வண்டியில் தேடினேன். என் தொழிலில் முதல் வருடப் பயிற்சியாளன்கூட அதைச் செய்யமாட்டான்.

ஒன்பதாம் நாள் உன் இதயம் நின்றது. நாடகம் நடக்கவே இல்லை.

பிரதியை எடுத்துக்கொண்டு அம்பத்தூரில் உன் அம்மாவிடம் போனேன். ஏழு மாதமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். அவர் பிரதியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கிட்டயும் போன்ல சொன்னா மாப்ள. கஷாயம் வெச்சுக் குடிடின்னேன்."

அப்போது பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "பாவம், திடீர்னு போய்ட்டாளே" என்றார்.

"திடீர்னு இல்லக்கா," என்றார் உன் அம்மா. "சொல்லிகினுதான் இருந்தா."

இனி யார் எந்தக் கோளாறு சொன்னாலும், வண்டியை ஓட்டிப் பார்க்காமல் 'கோளாறு இல்லை' என்று கையெழுத்துப் போடமாட்டேன். உனக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. தெரியும்.