எட்டுத் தீவிலும் ஒரே நிழல்

என் அன்புக்குரிய கள்ள மாமாவுக்கு,

கள்ளன் என்று எழுதியதற்குக் கோபிக்காதீர்கள். ஒரு வருடமாக உங்களைத் துப்பறிந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். நேற்று உங்களுடைய முதலாம் வருட ஆட்டைத் திவசம். ஐயர் பிந்தி வந்தார். பாயாசத்துக்கு முந்திரிக் கயு காணாது என்று அப்பா முறைப்பட்டார். உங்கள் படத்துக்கு முன்னால் படைத்த வடையைக் காகத்துக்கு முதல் நான் எடுத்தேன். எல்லாம் வழமைபோல. ஒன்று மட்டும் வழமையில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் குற்றப்பத்திரிகை.

நீங்கள் கொரியாவுக்குப் போனது இரும்புத் தொழிற்சாலை வேலைக்கு. கொறிக்க ஒன்றும் அனுப்பாத நாட்டுக்கு எதற்குக் கொரியா என்று பெயர் என நான் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை படம் அனுப்புவீர்கள். தொழிற்சாலைப் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் சின்னச் சின்னத் தீவுகள். பெயர்கள் எல்லாம் 'தோ' என்று முடியும், சை விழுந்த தோசை மாதிரி. ஒன்றில் வெள்ளை மணலில் நிற்பீர்கள். இன்னொன்றில் மரப்படி ஏறி, மலை உச்சியில், நாலு பக்கமும் கடல் தெரிய, இடுப்பில் கை வைத்து நிற்பீர்கள். மற்றதில் முழங்கால் உயரச் சப்பாத்தோடு சேற்றுக்குள் மட்டி கிண்டுவீர்கள்.

"சோறு உழைக்கப் போனவனுக்குச் சேத்துக்கை என்னடி வேலை?" என்று அம்மா கேட்பா. உங்கள் அக்கா அல்லவா, ஒரு படத்தைக் கண்டால் அதற்குள் இல்லாததைத்தான் தேடுவா.

அவவின் முதல் சந்தேகம் கடல்மேல். நீங்கள் அனுப்பிய ஒரு சோடிப் படத்தில், காலையில் இறங்குதுறை முட்டத் தண்ணீர், வள்ளங்கள் மிதந்தன. பின்னேரம் அதே துறையில் வள்ளங்கள் சேற்றில் சரிந்து கிடந்தன, கடலைக் காணோம். மயிலிட்டிக் கடற்கரையில் பிறந்தவளிடம் காட்டுகிற படமா அது?

"கடல் எங்கையடி போகும்? எங்கடை கடல் அண்டைக்கும் இண்டைக்கும் உதிலைதானே நிக்குது. ரெண்டு ஊரிலை எடுத்துப்போட்டு ஒண்டெண்டு சுத்துறான். இல்லாட்டிச் சுனாமி. அதுக்குள்ளை நிண்டு பல்லைக் காட்டுறான் விசரன்."

நான் புவியியல் ரீச்சரிடம் கேட்டேன். உண்மையாம். அந்தப் பக்கத்துக் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தரம் வீட்டு உயரத்துக்கு இறங்கி, திரும்ப ஏறுமாம். அந்த வழக்கில் உங்களுக்கு விடுதலை.

அம்மா அந்தச் சேற்றுப் படத்தைக் கனநேரம் பார்த்தா. "சண்டைக்கை இடம்பெயந்து முகாமிலை இருக்கேக்கை ஒரே ஆக்கினை உவன்ரை. கடல் காட்டு அக்கா, கடல் காட்டு. மயிலிட்டிப் பாதையை ஆமி மூடி வைச்சிருக்கு, நான் எங்கை காட்டுறது? பாதை திறந்தாக் காட்டுறன் எண்டு சொல்லிச் சொல்லியே வளத்தன்" என்றா. பாதை திறந்தபோது உங்களுக்கு முப்பது தாண்டிவிட்டது. கடல் காட்ட ஆள் தேவைப்படாத வயது. அப்படித்தான் நான் நினைத்தேன்.

இரண்டாவது வழக்குத்தான் பெரியது. உங்களைப் படம் எடுத்தது யார்?

ஒவ்வொரு படத்திலும் உங்கள் காலடியில் ஒரு நிழல் நீண்டு கிடந்தது. அகலத் தொப்பி, கீழே விரிந்த சட்டை. மணலில் அதே ஆள், மலையில் அதே ஆள், சேற்றிலும் அதே ஆள். எட்டுத் தீவு, ஒரே நிழல். அம்மாதான் முதலில் கண்டுபிடித்தா. அடுத்த அழைப்பிலேயே விசாரணை.

"ஆரடா உனக்குப் படம் எடுக்கிறது?"

"ஒரு ஆள் அக்கா."

"ஆளெண்டாப் பெட்டையோ?"

"ஆளெண்டா ஆள்தான். நல்ல ஆள். நீ யோசியாதை."

"அக்காவுக்கு ஒளிக்கிற தம்பியோடை எனக்குக் கதை இல்லை."

சொன்னபடியே கதைக்கவில்லை. மூன்று மாதம் உங்கள் அழைப்பை எடுத்தவள் நான். "அக்கா நிக்கிறாவோ?" என்பீர்கள். "குளிக்கிறா மாமா" என்பேன். "நேற்றும் குளிச்சவ." "சுத்தமான மனிசி மாமா." நீங்கள் சிரித்தீர்கள். சிரித்தீர்களா? இப்போது அதிலும் எனக்குச் சந்தேகம்.

பிறகு ஒரு திங்கட்கிழமை நீங்கள் வேலைக்கு எழும்பவில்லை. நித்திரையிலேயே மாரடைப்பு என்றார்கள்.

அம்மா மாறிப்போனா, மாமா. அலுமாரியின் கீழ்த்தட்டைப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தா. பூட்டைக் கண்டால் எனக்குக் கை துறுதுறுக்கும், உங்களுக்குத் தெரியும். அவ சந்தைக்குப் போன நேரம் சட்டை ஊசியால் திறந்தேன். உள்ளே மாம்பழ நிறத்தில் ஒரு புதுச் சேலை. மடிப்புக் கலையவில்லை. திரும்பிப் பார்த்தால் அம்மா வாசலில். பையை மறந்துபோய் வந்திருக்கிறா.

"இது ஆருக்கம்மா?"

ஏச்சு விழும் என்று பார்த்தேன். விழவில்லை. "உவன்ரை சிநேகிதிக்கு. அந்தப் பிள்ளைக்கு ஆரேன் செய்தி சொன்னவையோ தெரியாது. நான் கதைச்சிருந்தா இப்ப ஒரு நம்பரெண்டாலும் இருந்திருக்கும்." கட்டிலில் இருந்துகொண்டா. "நீ குழப்படிக்காரிதானே, உன்ரை குழப்படி ஒருநாளைக்கெண்டாலும் உதவட்டும். கண்டுபிடி. திவசத்துக்கு முந்தி இதைச் சேர்ப்பிக்க வேணும். அவன் அங்கை தனியக் கிடக்கேல்லை, ஒராள் பக்கத்திலை நிண்டிருக்கு. அதுதானடி எனக்கு ஆறுதல்."

உங்கள் பெட்டியோடு வந்த போனை எடுத்தேன். கடவுச்சொல் நாலு பூச்சியம். உங்களைப் பெரிய மூளைக்காரன் என்று நம்பியிருந்தேனே!

எட்டுத் தீவையும் ஒன்றொன்றாகப் பெருப்பித்துப் பார்த்தேன். அந்த நிழல் ஒரு படத்திலும் கையை அசைக்கவே இல்லை. தலையைத் திருப்பவே இல்லை. மலை உச்சிப் படத்தில் வெயில் சரிவாக விழுந்து, சட்டைக்குக் கீழே கால்கள் தெளிவாகத் தெரிந்தன. எண்ணினேன். திரும்ப எண்ணினேன்.

மூன்று கால்.

மூன்று கால் ஸ்டாண்டில் போனைப் பொருத்தி, அதற்கு உங்கள் மழைக்கோட்டைப் போட்டு, தொப்பியைக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். தனியத் திரிகிறான் என்று அக்கா அழக்கூடாது, அவ்வளவுதானே? யோசனை எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். கடைசியாக லீவில் வந்தபோது கூட்டுகிற தும்புத்தடிக்கு அம்மாவின் நைற்றியைப் போட்டுச் சமையல் குசினி வாசலில் நிறுத்தினேன். தேத்தண்ணிக் கோப்பையோடு வந்த நீங்கள் அதற்கு "அக்கா, ஏன் இருட்டுக்கை நிக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, அது சரிந்தபோது போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாயும் குரைத்தது.

ஆகவே அம்மா உங்களோடு கதைக்காமல் விட்டதில், அந்த மூன்றில் ஒரு கால் என்னுடையது.

இதைப் போய் அம்மாவிடம் சொல்வதா? சிநேகிதி இல்லை அம்மா, ஒருத்தரும் இல்லை, அவர் தனியத்தான் நின்றார், நீங்கள் வாங்கிய சேலையைக் கட்ட ஒரு ஸ்டாண்ட்தான் இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? வாழ்க்கையில் முதல்தரம் ஒரு பகிடியின் முடிவைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. நாலு நாள் வாயை மூடிக்கொண்டு திரிந்தேன். சுகமில்லையோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தா.

ஐந்தாம் நாள்தான் ஒரு வீடியோவைக் கண்டேன். நீங்கள் யாருக்கும் அனுப்பாதது. படம் எடுக்கப் போய்த் தவறி வீடியோவை அமத்தியிருக்கிறீர்கள். திகதியைப் பார்த்தேன். அம்மா கதைக்காமல் இருந்த மாதங்களில் ஒரு ஞாயிறு.

சேறு. தூரத்தில் நீங்கள், கையில் மட்டி வாளி. ஒரு காற்று. படம் அப்படியே சரிந்து, வானம் மட்டும் தெரிகிறது. சளக் சளக் என்று சப்பாத்துச் சத்தம் ஓடி வருகிறது. பிறகு உங்கள் முகம், தலைகீழாக, சிரித்துக்கொண்டு.

"ஐயோ, அக்கா விழுந்திட்டா! எழும்பக்கா. கடல் பாத்தது காணும். தண்ணி வரப்போகுது, வா, வீட்டை போவம்."

அவ்வளவுதான். நாற்பது விநாடி.

அன்று மத்தியானம் அம்மா கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தா. போனை அவவின் முகத்துக்கு முன்னால் பிடித்தேன். செதில் கையோடு மூன்று தரம் போடச் சொன்னா.

"அப்ப அந்தப் பிள்ளை?"

"பிள்ளை இல்லையம்மா. கோட்டும் தொப்பியும் போட்ட ஸ்டாண்ட். அது நீங்கள்."

கையிலிருந்த மீனை அம்மா சட்டித் தண்ணீருக்குள் விட்டா. பிறகு, "என்னை வயல் வெருளியாக்கிப்போட்டான்" என்று சிரிக்கத் தொடங்கினா. அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று நான் கவனிக்கவில்லை. "நான் இஞ்சை வாயைப் பூட்டிக்கொண்டு இருந்திருக்கிறன். அவன் அங்கை எனக்குக் கடல் காட்டியிருக்கிறான்" என்றா.

நேற்றுத் திவசத்துக்கு அறைக்குள் இருந்து அம்மா வந்தபோது மாம்பழச் சேலை கட்டியிருந்தா. சின்னம்மா வாயில் கை வைத்தா.

"என்னக்கா, இது அந்தக் கொரியாப் பெட்டைக்கு வாங்கினதெல்லோ?"

"ஓம்" என்றா அம்மா. "அவள்தான் கட்டியிருக்கிறாள்."

சுவரில் உங்கள் சேற்றுப் படத்தைத்தான் மாட்டியிருக்கிறோம், மாமா. நிழலை வெட்டவில்லை.

ஒன்று சொல்கிறேன், பகிடியில்லை. படித்து உழைத்து, பிளேன் பிடித்து, பஸ் பிடித்து, கப்பல் பிடித்து, அந்தச் சேற்றுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவேன். நீங்கள் ஸ்டாண்ட் வைத்த இடத்தில் அவவை நிறுத்தி, அவவின் நிழலை நீங்கள் நின்ற பக்கம் விழவைப்பேன். வழுக்கி விழுந்தால் தூக்கிவிடுவேன். தண்ணீர் வருமுன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்களை இனிச் சந்தேகப்படாத,
இரண்டு கால் மருமகள்
ஆரபி