பன்றிமூக்கு மாப்பிள்ளை

அகரம்

அன்பு மச்சான் பழனிக்குமார் அவர்களுக்கு, உடையப்பன் நின்றுகொண்டே வணங்கி எழுதுவது.

உட்கார முடியவில்லை. உட்காரும் இடத்தில் அரிவாள் இழுத்துவிட்டது. எதிர்த்து நின்று வாங்கிய வெட்டு என்று சொல்ல இடம் ஒத்துவரவில்லை. என் போனை நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் மஸ்கட்டுக்குக் கடிதம்.

மழையில்லாமல் வெங்காயம் கருகுகிறதென்று ஊரில் தவளைக் கல்யாணம் வைத்தோம். உங்கள் அப்பா, என் மாமனார், நம் கிணற்றுத் தவளையையா பிடிப்பார்? கம்பத்து மேல்மலைத் தோட்டத்தில் முதல் மழைக்கு வெளியே வந்த ஒரு சோடியைக் குடத்தில் கொண்டுவந்தார். ஊதா நிறம், உப்பிய உடம்பு, பன்றி மூக்கு, மிளகுக் கண், குதிகாலில் மண்வெட்டி போல ஒரு கட்டி. வருஷம் முழுக்க மண்ணுக்குள் கிடந்து கறையான் தின்னுமாம். எனக்கு என் கல்யாணப் போட்டோ ஞாபகம் வந்தது.

பெரியதுதான் மாப்பிள்ளை என்று மாமா தன் கீழத்தெருவுக்கு வைத்துக்கொண்டார். கொட்டைப்பாக்கு அளவில் இருந்ததைப் பெண் என்று எங்கள் மேலத்தெருவுக்குத் தந்தார். பூசாரி தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது, மாப்பிள்ளை வீட்டு மரியாதை என்று பரிவட்டத்தைத் தானே எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார்.

வாட்ஸ்அப்பில் படம் பார்த்துத் திண்டுக்கல்லிலிருந்து ஓடிவந்த விலங்கியல் டீச்சர் டெய்சி, "அண்ணே, பெருசுதான் பொண்ணு. இந்தச் சாதியில ஆண் இம்புட்டுதான் இருக்கும்" என்றார்.

என் வாய் சும்மா இருக்குமா? "மாமா, நீங்க பொண்ணு வீடு. அவுருங்க பரிவட்டத்த" என்று உருவினேன். அவர் குத்தியதில் என் முன்பல் பாயசத்தில் விழுந்தது. இரண்டு தெருவும் மோதிக்கொண்டதில் குத்துவிளக்கு ஒருவன் காதைக் கிழித்தது. சோற்றுப் பானையில் ரத்தம். பெண் தவளை மட்டும் குதிகாலால் தோண்டிப் பின்பக்கமாகவே மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் புத்தி எனக்கில்லை. பந்தல்காலைப் பிடுங்கி வீசினேன். தேங்காய் உடையும் சத்தம் கேட்டது. யாரோ சாமிக்கு உடைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன், மச்சான்.

மாமா விழுந்து கிடந்தார். நான் ஓடினேன். உங்கள் சித்தப்பா மகன் அரிவாளோடு பின்னால் வந்தான்.

மாமா மதுரை ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. வாசலில் உங்கள் தங்கை தமிழ்மதி சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். இட்லி வாங்கிக்கொண்டு போனேன். "அவரு கண்ணத் தொறக்கட்டும். அதுவரைக்கும் நீ எனக்குப் புருசன் இல்ல" என்றாள்.

லீவு போட்டு வாருங்கள். நீங்கள் ஊட்டினால் அவள் ஒரு வாய் சாப்பிடுவாள். வரும்போது அரிவாள் எடுத்துக்கொண்டு வந்தாலும் சரி. இந்தத் தடவை ஓட மாட்டேன்.

மாமா எழுந்து என்னை நாலு அறை அறைய அந்தக் காளியம்மன் அருள் புரியட்டும்.

இப்போதைக்கு உங்கள் தங்கை புருஷன்,
உடையப்பன்

பி.கு: பூசாரியிடம் நேற்றுதான் கேட்டேன். நம் ஊர் வழக்கத்தில் தவளைக் கல்யாணத்துக்குப் பரிவட்டம் பெண் வீட்டாருக்குத்தானாம்.